வேலையை ஆளுக்கு ஏற்ப மாற்றுங்கள்
மாற்றுத்திறனாளிகளும் உழைத்துத் தன் காலில் நிற்க வழிமுறைகள்



களர் நிலத்தில் பயிர் சரியாக வரவில்லை என்பதற்காக நாம் நிலத்தைக் கைவிட்டு விடுவதில்லை. மண்ணைப் பரிசோதித்து, ஜிப்சம் இட்டுச் சீர்திருத்துகிறோம். களரைத் தாங்கி வளரும் நெல் இரகத்தைத் தேர்ந்தெடுத்து நடுகிறோம். நிலத்துக்கு ஏற்பச் சாகுபடி முறையை மாற்றத் தெரிந்த நாம், வீட்டில் ஒரு பிள்ளைக்கு நடக்க வராவிட்டாலோ, கண் தெரியாவிட்டாலோ, காது கேளாவிட்டாலோ, அறிவு வளர்ச்சி மெதுவாக இருந்தாலோ, "இவனால் ஒன்றும் ஆகாது" என்று முடிவு கட்டி விடுகிறோம். சோறு போடுகிறோம், துணி எடுத்துக் கொடுக்கிறோம், வேலை மட்டும் கொடுப்பதில்லை.

இது அன்பினால் செய்யும் காரியம்தான். தாய் தந்தை உள்ளவரை அந்தப் பிள்ளைக்குக் குறையும் இல்லை. அவர்களுக்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் மாறி மாறிச் சோற்றுக்குக் காத்திருக்கும் வாழ்க்கையை எந்தப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள்.

இதற்கு வழி உண்டு. ஆளை வேலைக்கு ஏற்ப வளைக்க முயலாமல், வேலையையும் கருவியையும் பாதையையும் ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். சென்னையில் சில நிறுவனங்கள் இந்த வழியைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன. அவற்றின் அனுபவத்தை நம் தோட்டத்துக்கும் களத்துக்கும் எப்படிக் கொண்டு வரலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சென்னை காட்டும் வழி

மயிலாப்பூர் என்றால் கோயிலும், தியாகராய நகர் என்றால் துணிக்கடையும், அடையாறு என்றால் புற்றுநோய் மருத்துவமனையும் நமக்கு நினைவுக்கு வரும். அதே பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய, அனுபவம் மிக்க நிறுவனங்களும் உள்ளன.

அடையாறில் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத சிறு குழந்தைகளுக்கான பள்ளி. கைக்குழந்தைப் பருவத்திலேயே காது கேட்கும் கருவி பொருத்தி, பேச்சைக் கற்றுக் கொடுத்து, பிறகு மற்றப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அனுப்பி வைப்பது அதன் முறை. மயிலாப்பூரில் 1970-இல் தொடங்கிய கிளார்க் பள்ளியும் காது கேளாதோர் கல்வியில் பெயர் பெற்றது. தியாகராய நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம், அறிவு வளர்ச்சி குன்றிய பச்சிளங் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே குழந்தையோடு தாயோ, வீட்டுப் பெரியவரோ உடன் வந்து, பயிற்சியைத் தாமே கற்றுக்கொண்டு வீட்டில் தொடர வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, காலம். நாற்று முற்றிய பின் நட்டால் தூர் கட்டாது என்பது நமக்குத் தெரியும். குழந்தையின் பயிற்சியும் அப்படியே. குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை, உரிய மாதத்தில் தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், "வளர்ந்தால் சரியாகி விடும்" என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். இரண்டாவது, நல்ல பயிற்சியாளர் வீட்டில்தான் இருக்கிறார். பயிற்சி முறையைக் கற்றுக்கொண்ட தாய், தினமும் வீட்டு வேலையின் ஊடே அதைச் செய்ய முடியும்.

கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் நிறுவனத்தை 1985-இல் தொடங்கியவர் திருமதி பூனம் நடராஜன். மூளை முடக்கு வாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் தாய் அவர். கையும் காலும் வாயும் ஒத்துழைக்காத பிள்ளைகளுக்கும் கல்வியும் தொழிலும் உண்டு என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. பேச முடியாதவர் படங்கள் உள்ள பலகையைச் சுட்டிக் காட்டித் தம் கருத்தைச் சொல்லப் பழக்குகிறார்கள். அடையாறில் 1995-இல் திருமதி ஜெயஸ்ரீ ரவீந்திரன் நிறுவிய எபிலிட்டி பவுண்டேஷன், வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளையும் வேலை தரும் கம்பெனிகளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்தி வந்துள்ளது. கிண்டியில் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் மையத்தில், ஒருவரால் எந்தத் தொழில் செய்ய முடியும் என்று ஆராய்ந்து பயிற்சி தருகிறார்கள்.

சென்னைக்கு மருத்துவத்துக்கோ வேறு அலுவலாகவோ வருபவர்கள், மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் உள்ள 'மியூசியம் ஆஃப் பாஸிபிலிட்டீஸ்' என்ற கண்காட்சியைப் பார்ப்பது நல்லது. 2022-இல் திறக்கப்பட்ட இங்கு, சமையல், குளியல், படிப்பு, தொழில் ஆகியவற்றை எளிதாக்கும் உதவிக் கருவிகளை நேரில் காணலாம். அங்குள்ள சிற்றுண்டிச் சாலையில் மாற்றுத்திறனாளிகளே பணி புரிகிறார்கள்.

இவை நகரத்துக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடி கிராமத்தில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய திரு எஸ். இராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். வயல்கள் சூழ்ந்த அந்த ஊரிலிருந்தே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மறுவாழ்வுப் பணியைக் கொண்டு சென்றார். 2020-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சுயசார்பு என்றால் என்ன?

எல்லா வேலையையும் தானே செய்வதுதான் சுயசார்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அறுவடைக்கு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறோம். நடவுக்கு ஆள் விடுகிறோம். அதனால் நம்மை யாரும் பிறரை நம்பிப் பிழைப்பவர் என்று சொல்வதில்லை. எந்த வயலில் எதை, எப்போது நடுவது என்ற முடிவு நம்முடையது என்பதால் நாம் விவசாயி.

மாற்றுத்திறனாளிக்கும் இதுவே பொருந்தும். 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், எட் ராபர்ட்ஸ் என்பவரும் அவரது நண்பர்களும் சேர்ந்து தற்சார்பு வாழ்க்கை மையம் ஒன்றை அமைத்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழ் அசைய முடியாத ராபர்ட்ஸ், உதவியாளரை வைத்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்தவர். உதவி பெறுவது குறைவன்று, எந்த உதவி, எப்போது, யாரிடமிருந்து என்று முடிவு செய்யும் உரிமையே சுயசார்பு என்பதை அந்த இயக்கம் உலகுக்கு எடுத்துக் காட்டியது. ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "உனக்கு எந்த வேலையில் விருப்பம்?" என்பதே.

பாதையும் கருவியும்

1. சாய்தளம்: வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கவும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலியில் தானே ஏற முடியாது, இறங்கும்போது கவிழும்.

2. நடைபாதை: வீட்டிலிருந்து கழிவறைக்கும், கொட்டகைக்கும், தோட்டத்துக்கும் குறைந்தது 3 அடி அகலத்தில் கெட்டியான பாதை வேண்டும். கிராவல் மண் போட்டு நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினால் போதும்.

3. உயர்த்திய பாத்தி: தரையிலிருந்து சுமார் 2 முதல் 2½ அடி உயரத்தில் மேடை அமைத்து, அதன்மேல் குழித்தட்டு நாற்று, கீரை, காய்கறி நாற்றங்கால் ஆகியவற்றை வைக்கலாம். நாற்காலியின் முழங்கால் பகுதி உள்ளே செல்ல மேடைக்கு அடியில் இடம் விடவும்.

4. கைப்பிடி: கை பலம் குறைந்தவருக்குக் களைக்கொத்து, அரிவாள் ஆகியவற்றின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடி நழுவாது.

5. மோட்டார்: கைபேசி மூலம் இயங்கும் ஸ்டார்ட்டரைப் பொருத்தினால், கிணற்றடிக்கு நடக்க முடியாதவரும் வீட்டிலிருந்தே பாசனத்தைக் கவனிக்கலாம்.

கருவிகளில் முன்னேற்றம் பல வந்துள்ளன. அடையாறை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.டி.) இதற்கெனத் தனி ஆராய்ச்சி மையம் உள்ளது. உட்கார்ந்தவர் தாமே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-இல் வெளியிடப்பட்டது. சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டிக்கொள்ளும் 'நியோபோல்ட்' என்ற மின் இணைப்பு 2020-இல் வந்தது. ஒரு முறை மின்னேற்றினால் சுமார் 25 கி.மீ. செல்லும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. தொடைக்கு மேல் கால் இழந்தவருக்காகக் 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022-இல் அறிமுகமாயிற்று. இதன் மடிப்பு, அடி எடுத்து வைக்கும்போது பாதம் தரையில் தட்டாமல் இருக்க உதவுகிறது. மேடு பள்ளமான வரப்பில் நடப்பவருக்கு இதன் அருமை தெரியும். தியாகராய நகருக்கு அப்பால், கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செயற்கைக் கை கால்கள் பொருத்துகிறார்கள்.

வேலையைப் பகுத்துப் பாருங்கள்

"விவசாய வேலை" என்று மொத்தமாகப் பார்த்தால் அது மாற்றுத்திறனாளிக்குக் கடினமாகத் தோன்றும். அதையே சிறு சிறு வேலைகளாகப் பிரித்துப் பாருங்கள். சிப்பிக் காளான் வளர்ப்பை எடுத்துக்கொள்வோம்.

* வைக்கோலை 5 செ.மீ. அளவில் நறுக்குதல்: கையும் கண்ணும் நன்றாக உள்ளவர் செய்ய வேண்டும்.
* 4 முதல் 6 மணி நேரம் ஊற வைத்து, பிறகு சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேக வைத்தல்: கொதிநீர் உள்ளதால், வலிப்பு நோய் உள்ளவரையும் தோலில் உணர்ச்சி இல்லாதவரையும் இதில் விடக்கூடாது.
* பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு நிழலில் உலர்த்துதல்: கண் பார்வை இல்லாதவர் கையால் பதம் அறிந்து செய்யலாம்.
* பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்புதல்: சக்கர நாற்காலியில் உள்ளவர் மேசையருகே இருந்து செய்யலாம். அறிவு வளர்ச்சி குன்றியவருக்கு, பையின் வெளியே ஒவ்வோர் அடுக்கின் உயரத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தால் அளவு தவறாது.
* 15 முதல் 20 நாட்கள் இருட்டறையில் வைத்துப் பூசணம் பரவியதைக் கவனித்தல், பிறகு தினமும் நீர் தெளித்தல்: காது கேளாதவர் எவ்விதச் சிரமமும் இன்றிச் செய்யலாம்.
* அறுவடை, எடை போடுதல், பையில் அடைத்தல், கணக்கு எழுதுதல்: இவற்றையும் ஆளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கலாம்.

காளான் வித்துத் துகள் சிலருக்கு மூச்சிரைப்பை உண்டாக்கும். ஆகவே அறுவடையின்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

இவ்வாறே குழித்தட்டு நாற்று, மண்புழு உரம், நாட்டுக் கோழி, வெள்ளாடு, பூக்கட்டுதல், விதை பொறுக்குதல், பயறு உடைத்தல், மதிப்புக் கூட்டிய பொருள் தயாரித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் எழுதிப் பகுத்துப் பாருங்கள். பத்து வேலையில் ஏழு வேலை செய்ய முடிந்தாலும், மற்ற மூன்றுக்கு ஒரு துணை ஆள் போதும்.

கவனிக்க வேண்டியவை

பார்வையற்றவர்: கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் இடுப்பளவில் கயிறு கட்டினால் அதைப் பிடித்துச் செல்லலாம். கருவிகளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். தவிட்டு மூட்டைக்கு ஒரு முடிச்சு, பிண்ணாக்கு மூட்டைக்கு இரண்டு முடிச்சு என்று அடையாளம் வைக்கவும்.

காது கேளாதவர்: பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. முன்னால் வந்து, முகம் பார்த்து, கைச்சாடையுடன் பேசவும். டிராக்டரோ கதிரடிக்கும் இயந்திரமோ ஓடும் இடத்தில் எச்சரிக்கைக்குச் சிவப்புத் துணியோ விளக்கோ பயன்படுத்தவும்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்: ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும். செய்து காட்டி, கூட இருந்து செய்ய வைத்து, பிறகு தனியே விடவும். எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் குழிகள் உள்ள தட்டைக் கொடுத்தால், குழி நிரம்பினால் பத்து என்று ஆகிவிடும்.

வலிப்பு நோய் உள்ளவர்: கிணற்று மேடு, மரம் ஏறுதல், அடுப்பு, ஓடும் இயந்திரம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது.

கால்களில் உணர்ச்சி இல்லாதவர்: நீண்ட நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும். அரை மணிக்கு ஒரு முறையாவது உடம்பைத் தூக்கி அமர வேண்டும். சூடான சிமென்ட் தரையில் உட்காரக் கூடாது. தினமும் தோலைப் பார்த்துச் சோதிக்கவும்.

பூச்சிமருந்து தெளிக்கும் வேலையை இவர்களில் எவருக்கும் எளிய வேலை என்று எண்ணிக் கொடுத்து விடாதீர்கள்.

விபத்துக்குப் பின்னும் விவசாயம்

ஊனம் பிறவியில் மட்டும் வருவதில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போகலாம். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத் தண்டு பாதிக்கப்படலாம். சர்க்கரை நோயால் காலை எடுக்க நேரிடலாம். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள உழவர் ஒருவர் கால் இழந்தார் என்றால், அந்த அனுபவம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் நாம் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து விடுகிறோம்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1979-இல், உடல் பாதிக்கப்பட்ட விவசாயிகள் மீண்டும் பண்ணை வேலைக்குத் திரும்ப உதவும் மையம் தொடங்கப்பட்டது. அதன் வழியில், 1991 முதல் அங்குள்ள பல மாநிலங்களில் விரிவாக்கப் பணியாளர்கள் மூலம் இத்தகைய திட்டம் நடைபெற்று வந்துள்ளது. டிராக்டரில் ஏறுவதற்குத் தூக்கி, கையால் இயக்கும் கிளட்ச், திறக்க எளிதான வேலிக்கதவு போன்ற மாற்றங்கள் செய்து தருகிறார்கள். அதே எண்ணத்தை நாமும் பின்பற்றலாம். வயலில் இறங்க முடியாத உழவர், விதைநேர்த்தி, நாற்றங்கால், பாசனம், ஆள் மேற்பார்வை, விற்பனை ஆகியவற்றைக் கவனிக்கலாம்.

கூலியும் கணக்கும்

வீட்டு மாற்றுத்திறனாளியிடம் வேலை வாங்கிவிட்டு, "அவனுக்கு எதற்குக் காசு?" என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது. இது தவறு. செய்த வேலைக்கு உரிய பங்கு அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும். வெளியாளாக இருந்தால், அதே அளவு வேலைக்கு அதே கூலி கொடுக்க வேண்டும். இரக்கப்பட்டு வேலை தருகிறோம் என்று கூறிக் கூலியைக் குறைப்பது இரக்கம் ஆகாது. கையில் காசு வந்தால்தான் செலவைத் தீர்மானிக்கும் பழக்கம் வரும். வீட்டாரும் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள்.

சட்டம் தரும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்ற சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு முக்கியச் சலுகைகள் உரியவை.

* அரசு வேலைகளில் 4 சத இட ஒதுக்கீடு உண்டு.
* விவசாய நிலம், வீடு ஆகியவற்றை ஒதுக்கும் அரசுத் திட்டங்களிலும், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 சத ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு முன்னுரிமை.
* மற்றவர்களைப் போலவே சொத்தை அடையவும், வாரிசாகப் பெறவும், கடன் பெறவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் உரிமை உண்டு.

மூன்றாவது உரிமையைக் கவனமாகப் படியுங்கள். பாகப் பிரிவினையில், "அவனை அண்ணன் பார்த்துக் கொள்வான்" என்று கூறி, மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பங்கை மற்றவர் பெயரில் எழுதும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தக் கையெழுத்தோடு அப்பிள்ளையின் சுயசார்பும் போய்விடுகிறது. பங்கை அவர் பெயரிலேயே எழுதுங்கள். ஆட்டிசம், மூளை முடக்கு வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதைக் கடந்தபின் பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

எந்தச் சலுகைக்கும் முதற்படி அடையாள அட்டைதான். அரசு மருத்துவரிடம் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பிக்கவும். உதவித் தொகை, உதவிக் கருவி, சுயதொழில் கடன் ஆகியவற்றின் விவரங்களை உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். கடன் பற்றிக் கூட்டுறவு வங்கியிலும் விசாரிக்கவும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வகை செய்யும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. ஊராட்சியில் அவர்கள் குரல் ஒலிப்பது, சாய்தளம் முதல் பேருந்து நிறுத்தம் வரை எல்லாவற்றுக்கும் உதவும்.

செய்ய வேண்டியது என்ன?

இந்த மாதமே மூன்று காரியங்களைத் தொடங்குங்கள். அடையாள அட்டை இல்லை என்றால் விண்ணப்பம் கொடுங்கள். வீட்டு வாசற்படியை அளந்து சாய்தளத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பண்ணை வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து, அவர் செய்யக் கூடியதையும் விரும்புவதையும் குறித்துக் கொள்ளுங்கள். காளான், கோழி, நாற்றங்கால் போன்ற தொழில்களில் பயிற்சி பெற, அருகில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு அவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் போக வேண்டாம்.

களர் நிலம் ஒரே பருவத்தில் சீராவதில்லை. ஆனால் முதல் ஆண்டு ஜிப்சம் இடாதவர் நிலம் என்றும் சீராவதில்லை. உங்கள் வீட்டில் காத்திருக்கும் ஒரு ஜோடிக் கைகளுக்கு அவற்றுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து, அவர் உழைப்பில் அவரே வாழ வழி செய்யுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.